கேம்பர் டிரெய்லருக்குள் மழை, குப்பை, எலி, பூச்சி நுழையாமல் காப்பது: முழுமையான வழிகாட்டி

ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த எங்கள் கேம்பர் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் முகாம் வீட்டைத் திறந்து, பிள்ளைகள் படுக்கும் பங்க்குக்கு மேலே உள்ள அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூலையில் டீ சிந்திக் காய்ந்தது போல ஒரு வட்டக் கறை. கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. மேலே ஒட்டியிருந்த அழகான காகிதம் மட்டும்தான் முழுசாக இருந்தது. அதன் பின்னால் இருந்த மெல்லிய ப்ளைவுட் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதற்குப் பின்னால் மரச்சட்டம் கறுத்துப் போயிருந்தது.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. டிரெய்லரின் முன்நெற்றியில் வரிசையாக ஐந்து சிறிய மஞ்சள் விளக்குகள் இருக்குமே, அவற்றில் ஒன்றின் பின்னால் இருந்த ரப்பர் காய்ந்து சுருங்கியிருந்தது. அவ்வளவுதான். விளக்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. சுவரைப் பிரித்துக் கட்ட அந்தக் கோடை முழுவதும் போயிற்று.

அன்றிலிருந்து நான் வருடா வருடம் செய்துவரும் வேலைகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். மே முதல் அக்டோபர் வரை அல்கான்குவின், கில்பேர், சாண்ட்பேங்க்ஸ் என்று ஏதாவது ஒரு பூங்காவில் வாரயிறுதி. மீதி மாதங்களில் டிரெய்லர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை நிலத்தில் நிற்கும். உறைபனி, உருகல், மறுபடி உறைபனி என்று மாறி மாறி வரும் இந்தப் பருவநிலை எந்தச் சின்ன விரிசலையும் பெரிதாக்கிவிடும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. இலையுதிர் காலத்தில் மயிரிழையாக இருந்த கீறல் வசந்தத்தில் நகம் நுழையும் அளவுக்கு வந்துவிடும். வேறு நாட்டில் இருப்பவர்கள் மாதங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், வேலை ஒன்றுதான்.

முதலில் ஓட்டைகளைக் கணக்கெடுங்கள்

டிரெய்லர் என்பது ஒரு பெட்டி. ஜன்னல், கதவு, கூரை வென்ட் (காற்றுப்போக்கி), ஏசி, ஃபர்னஸ் (உள்ளே சூடேற்றும் வாயு ஹீட்டர்), ஃப்ரிட்ஜ், தண்ணீர்க் குழாய், மின்கேபிள், கழிவுக்குழாய் என்று ஒவ்வொன்றுக்காகவும் அந்தப் பெட்டியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். தண்ணீரும் எலியும் குளவியும் புதிதாக வழி கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் வழியில்தான் வருகின்றன.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றி வாருங்கள். கூரையில் ஏறிப் பாருங்கள், அடியிலும் படுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையையும் எழுதி, எதிரில் அது எந்த வகை என்று குறியுங்கள். மூன்றே வகைதான். முதல் வகை, முழுக்க அடைக்க வேண்டியவை: கூரைத் தையல், விளக்கின் விளிம்பு, குழாய் நுழையும் துவாரம். இரண்டாம் வகை, காற்று போகட்டும் என்று விட்டு வலை மட்டும் போட வேண்டியவை: ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு வென்ட், கூரை வென்ட். மூன்றாம் வகை, நாம் கை வைக்கவே கூடாதவை.

இந்த மூன்றாம் வகையில்தான் அக்கறையுள்ளவர்களே தவறு செய்கிறார்கள். ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஜன்னல் தடத்தில் சேரும் மழைநீர் வெளியே வழிவதற்கான கசிவுத் துளைகள் அவை. 'இதில் ஒரு ஓட்டை இருக்கிறதே' என்று சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து அடைத்துவிட்டால், தடம் நிரம்பித் தண்ணீர் உள்பக்கம் வழியும். கூரை ஏசியின் அடிப்பாகமும் அப்படித்தான். அதைச் சுற்றிச் சீலன்ட் பூசக் கூடாது. ஏசியில் சுரக்கும் நீர் கூரை மேல் விழுந்து ஓட வேண்டும். சுற்றி அணை கட்டினால் அது நேராக உங்கள் படுக்கைக்குத்தான் வரும். ஏசிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் இருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகள் உள்ளே, கூரையடி மூடியைக் கழற்றினால் தெரியும். கேஸ்கெட் தளர்ந்திருந்தால் அவற்றைக் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

வாங்கி வைக்க வேண்டியவை

கூரை எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வட அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை ரப்பர் அல்லது டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். சிலவற்றில் ஃபைபர்கிளாஸ், பழையவற்றில் அலுமினியம். கைநூலில் போட்டிருக்கும். அதற்குப் பொருந்தும் சீலன்ட்டைத்தான் வாங்க வேண்டும்.

தட்டையான இடங்களுக்குத் தானாகப் பரவி மட்டமாகும் லாப் சீலன்ட். டைக்கார் என்ற பெயரில் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். செங்குத்தான இடங்களுக்கு வழியாத வகை தனியாக இருக்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். விளக்கு, ஜன்னல், வென்ட் ஆகியவற்றின் விளிம்புக்கு அடியில் வைக்க, மாவு போல மென்மையாக ஒட்டும் பியூட்டைல் டேப். கூரைத் தையல்களுக்கும் கிழிசலுக்கும் எட்டர்னாபாண்ட் மாதிரியான ஒட்டுப்பட்டை. பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் சோப்பு, சீலன்ட் துப்பாக்கி, ஈரம் பார்க்கும் மீட்டர்.

சாதாரண வீட்டு சிலிகானைக் கூரைக்கு வாங்கவே வாங்காதீர்கள். ரப்பர் கூரையில் அது நன்றாகப் பிடிக்காது. உரிந்து வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுப் போகும், அதன் மேல் வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் கூரையில் கண்ணாடி போலப் பளபளக்கும் சிலிகான் கோடுகளைப் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கூரை: நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்

வருடத்தில் ஒரு முழு நாள் கூரைக்கு ஒதுக்குங்கள். மழை இல்லாத, 10 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள, காற்று குறைவான நாள். சில கூரைகள் ஆள் ஏறும் பலத்துடன் செய்யப்பட்டவை அல்ல. சந்தேகம் இருந்தால் ஏணியில் நின்று எட்டிச் செய்யுங்கள், அல்லது அகலமான ப்ளைவுட் பலகையைப் போட்டு அதன் மேல் மண்டியிடுங்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு கல் போதும் ரப்பரைக் கிழிக்க. நான் சாக்ஸோடுதான் ஏறுவேன்.

முதலில் கழுவுதல். சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், தோட்டக் குழாயின் இயல்பான வேகம். பெட்ரோலியம் கலந்த எந்தத் துப்புரவுப் பொருளும் ஈபிடிஎம் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. சீலன்ட்டின் விளிம்பை அது தூக்கிவிடும், அப்புறம் தண்ணீர் நேராக உள்ளேதான்.

கூரை காய்ந்ததும் கண்ணை விட விரலை நம்புங்கள். ஒவ்வொரு வென்ட், ஆன்டெனா, கழிவுக்குழாய் முனை, ஏணியின் கால் ஆகியவற்றைச் சுற்றி இருக்கும் சீலன்ட்டின் விளிம்போடு நகத்தை ஓட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல சீலன்ட் அழிரப்பர் மாதிரி இருக்கும், நகம் பதிந்து திரும்பும். கெட்டது காய்ந்த பசை மாதிரி சலசலக்கும், விளிம்பில் நகம் அடியில் நுழையும். நுழையும் இடத்தில் எல்லாம் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஸ்க்ரூவின் தலை மேலே எழும்பியிருந்தால் அதையும் குறியுங்கள். அடியில் உள்ள மரம் நனைந்து அதன் பிடி போயிருக்கலாம்.

மேற்பரப்பில் மட்டும் மயிரிழைக் கீறல் இருந்து, விளிம்பு கெட்டியாக ஒட்டியிருந்தால் பழையதை எடுக்க வேண்டாம். ஆல்கஹாலால் துடைத்து, காய விட்டு, அதன் மேலேயே புதிதாக ஊற்றலாம். விளிம்பு எழும்பியிருந்தால் எடுத்தே ஆக வேண்டும். தலைமுடி உலர்த்தியால் ஒரு நிமிடம் சூடு காட்டினால் இளகும். பிளாஸ்டிக் சுரண்டியைப் படுக்கை வசமாக வைத்துத் தள்ளுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம். இடம் சுத்தமானதும் புது சீலன்ட்டை விளிம்பின் இரு பக்கமும் படியும்படி ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூ தலை மேலும் ஒரு நாணய அளவு விடுங்கள். விரலால் தடவாதீர்கள், தானாகவே பரவும். மேல்தோல் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே முழுக்க இறுக ஒரு மாதம்கூட ஆகலாம்.

கூரையும் முன்சுவரும் சேரும் இடம், கூரையும் பின்சுவரும் சேரும் இடம், இந்த இரண்டு குறுக்குத் தையல்களும் மிக முக்கியம். ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொள்வதால் முதலில் விரிசல் விடுவது இங்கேதான். இவற்றுக்கு ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள். ஒருமுறை ஒட்டினால் அது திரும்ப வராது. அதனால் பென்சிலால் கோடு போட்டு, இருவராக நின்று, பின்காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ஒட்டி, மேலே உருளையால் அழுத்த வேண்டும்.

வென்ட் மூடிகளைத் தட்டிப் பாருங்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் முட்டை ஓடு போல ஆகியிருக்கும். கூரை வென்ட்டின் பொதுவான அளவு 14 அங்குலம், புது மூடி எளிதில் கிடைக்கும். மூடிக்கு மேல் ஒரு மழைக்கவசம் பொருத்திக்கொண்டால் மழையிலும் வென்ட்டைத் திறந்து வைக்கலாம்.

இந்தப் பெரிய வேலை வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் பார்வையிடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இருக்க வேண்டும். தாழ்ந்த மரக்கிளை உரசிய நாளிலும் உடனே ஏறிப் பாருங்கள்.

சுவர், விளக்கு, ஜன்னல்

என் டிரெய்லரைக் கெடுத்த அந்த மஞ்சள் விளக்குகளிலிருந்து தொடங்குங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மழையில் ஓட்டும்போது முன்நெற்றியில் அடிக்கும் நீர் வெறுமனே வழிவதில்லை, காற்றால் உள்ளே தள்ளப்படுகிறது. விளக்கைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, பின்னால் பியூட்டைல் டேப் வைத்து இறுக்குங்கள். ஓரத்தில் பிதுங்கி வருவதை ஒரு நாள் விட்டுக் கத்தரியுங்கள். பிறகு மேல் விளிம்புக்கும் இரண்டு பக்க விளிம்புக்கும் மட்டும் வழியாத சீலன்ட்டால் ஒரு கோடு. கீழ் விளிம்பைத் திறந்தே விடுங்கள். தவறி உள்ளே போன நீர் வெளியேற ஒரு வழி வேண்டும். பின்புறச் சிவப்பு விளக்குகளுக்கும் இதே முறைதான்.

சுவர் மூலைகளில் நீளமான அலுமினியப் பட்டை இருக்கும். அதன் நடுவில் ஒரு வினைல் நாடா செருகியிருப்பார்கள். அது சுருங்கி ஒரு முனையில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தால், அந்த முனை வழியாகத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். நாடாவை உருவிப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்க்ரூக்கள் வெள்ளையாகப் பளபளத்தால் நல்லது. துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு நீர்க்கோடு இருந்தால் அந்தப் பட்டையைக் கழற்றி மறுபடி பியூட்டைல் வைத்துப் போடும் வேலை காத்திருக்கிறது.

உள்ளே ஈர மீட்டரால் எல்லா மூலைகளையும், ஜன்னலின் கீழ் மூலைகளையும், அலமாரிகளின் பின்சுவரையும் தொட்டுப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் தேட வேண்டும். எண்களைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் போன வருடம் 11, இந்த வருடம் 17 என்றால் கறை தெரியும் முன்பே கசிவைப் பிடித்துவிடலாம்.

ஈரம் தெரிந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் வழியாகவும் கம்பிகளின் வழியாகவும் தண்ணீர் வெகுதூரம் நடக்கும்.

சோப்பு நுரை, ஊதுபத்தி: இரண்டு சோதனைகள்

கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. புரொப்பேன் சிலிண்டரை மூடி, எல்லா அடுப்பும் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். கூரை வென்ட் ஒன்றில் பெட்டி மின்விசிறியை உள்நோக்கிக் காற்றுத் தள்ளும்படி வைத்து, சுற்றிலும் அட்டையும் டேப்பும் போட்டு அடையுங்கள். மற்ற ஜன்னல், கதவு, வென்ட் எல்லாம் மூடியிருக்கட்டும். டிரெய்லர் பலூன் போல லேசான அழுத்தத்தில் இருக்கும். இப்போது வெளியிலிருந்து தையல்கள், விளக்குகள், ஜன்னல் ஓரங்கள் மீது சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வாருங்கள். கசியும் இடத்தில் நுரை கொப்புளிக்கும்.

அடுத்து விசிறியைத் திருப்பி வைத்து, காற்றை வெளியே இழுக்க விடுங்கள். புகை அலாரத்தின் சத்தத்துக்குத் தயாராக இருந்துகொண்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளே மெதுவாக நடங்கள். சிங்க்குக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், ஸ்லைடு-அவுட் (முகாமில் நின்றதும் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) மூலைகளில் கொண்டுபோய் நிறுத்துங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று சாய்கிறதோ அங்கே வெளிக்காற்று வருகிறது. அந்த வழியாகத்தான் தூசியும் எலியும் வரும். எங்கள் டிரெய்லரில் சிங்க் குழாயைச் சுற்றி இருந்த ஓட்டையில் என் முஷ்டியே நுழைந்தது. தொழிற்சாலையில் போட்ட ஓட்டை, கடைசிவரை யாரும் அதை அடைக்கவில்லை.

உள்ளேயே பிறக்கும் தண்ணீர்

காலையில் ஜன்னலில் வழியும் நீர் மழையல்ல. நாலு பேர் விடும் மூச்சு, இட்லிப் பானையின் ஆவி, அப்புறம் அடுப்பில் எரியும் வாயு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி வரும். சமைக்கும்போது அடுப்பு விசிறியும் ஒரு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். ஈரத்துக்காக மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடுக்காகவும்தான். மெத்தைக்கு அடியில் பலகை மட்டும் இருந்தால் இடையே காற்றுப் போகும் ஒரு விரிப்பைப் போடுங்கள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் பூஞ்சை எங்கே பிடிக்கும் என்று தெரியும்.

இலை, ஊசி, தூசி

குப்பை என்பது தண்ணீருக்குத் துணை. பைன் ஊசிகளும் மேப்பிள் விதைகளும் கூரை ஓரத்தில் சேர்ந்தால் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். ஸ்லைடு-அவுட்டை உள்ளே இழுக்கும் முன் அதன் கூரையைக் கட்டாயம் பெருக்குங்கள். ஒரு குச்சி சிக்கினால் போதும், ரப்பர் சீல் மடங்கி நிற்கும். வருடத்தில் இரண்டு முறை சீலைத் துடைத்து ரப்பருக்கான சீல் கண்டிஷனர் தடவுங்கள். கூரை ஓரத் தண்ணீர்த் தாரையில் உள்ள மூக்குகள் அடைபடாமல் இருந்தால் சுவரில் கறுப்புக் கோடுகள் விழாது.

சரளைச் சாலையில் போய் வந்த பிறகு அலமாரிக்குள் மாவு போலத் தூசி படிந்திருந்தால், அடித்தளத்து ஓட்டைகள் அடைக்கப்படவில்லை என்று பொருள். எலிக்காகச் செய்யப்போகும் வேலையிலேயே அதுவும் தீர்ந்துவிடும்.

சுண்டெலி

இங்கே பண்ணைகளில் சோளமும் சோயாவும் அறுவடையாகும் செப்டம்பர், அக்டோபரில் வயல் எலிகள் எல்லாம் வீடு தேடும். பக்கத்திலேயே மெத்தையும் டிஷ்யூ காகிதமும் உள்ள ஒரு வீடு நிற்கிறது. பென்சில் நுழையும் ஓட்டையில், அதாவது 6 மி.மீ. இருந்தால், சுண்டெலி நுழைந்துவிடும். அதனால் கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இரவில் சக்தியுள்ள எல்இடி விளக்கை டிரெய்லருக்கு அடியில் வைத்துவிட்டு, உள்ளே எல்லா விளக்கையும் அணைத்து, அலமாரிகளையும் கட்டில் அடிப்பெட்டிகளையும் திறந்து பாருங்கள். ஒளி தெரியும் இடமெல்லாம் வாசல். பிறகு படுத்துக்கொண்டு அடியிலிருந்து பாருங்கள். மின்கேபிள் நுழையும் சிறுகதவு, ஃபர்னஸுக்குப் போகும் வாயுக்குழாயின் துவாரம், கழிவுத் தொட்டியின் இழுப்பு வால்வைச் சுற்றிய வெட்டு, சக்கர வளைவின் உள்மூலை, முன்பக்கக் கம்பிக் கட்டு உள்ளே போகும் இடம், ஸ்லைடு-அவுட்டின் நான்கு கீழ் மூலைகள் ஆகியவற்றை விடாதீர்கள்.

அடைப்பதற்கு வெறும் ஃபோம் போதாது, ரொட்டி போலக் கடித்துப் போய்விடும். செம்புக் கம்பி வலையைச் சுருட்டி இறுக்கமாகத் திணித்து, அது நகராமல் இருக்க மேலே ஃபோமோ சீலன்ட்டோ வையுங்கள். ஸ்டீல் வுல்லும் பலன் தரும். ஆனால் நனையும் இடத்தில் ஓரிரு வருடத்தில் துருவாகிக் கொட்டிவிடும். பெரிய ஓட்டைக்கு 6 மி.மீ. கண்ணுள்ள இரும்பு வலையை வெட்டி ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். வாயுக்குழாயைச் சுற்றித் திணிக்கும்போது குழாய் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கேபிள் துவாரத்தை மட்டும் திரும்பத் திறக்கும்படி ஒரு ஸ்பாஞ்ச் அடைப்பான் செய்து வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுப் பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. நம் வீட்டு டிரெய்லர்களில் அரிசி, பருப்பு, பொடி டப்பா, முறுக்கு, மிக்சர் என்று மணம் நிறையவே இருக்கும். சோபா இடுக்கில் கிடக்கும் ஓமப்பொடித் துணுக்கே ஓர் எலிக்கு அழைப்பு. மெத்தைகளைத் தூக்கி வேக்குவம் செய்யுங்கள். சோப்பு, மெழுகுவர்த்தி, நாய்த்தீனி, காகிதத் துண்டு, டிஷ்யூ எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

புதினா எண்ணெய், வாசனைத் துணி என்று பலர் சொல்வார்கள். ஓட்டை திறந்திருக்கும் டிரெய்லரை இவை காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. அந்துருண்டையை மட்டும் போடவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூடிய சிறு அறையில் நாப்தலின் ஆவி மெத்தைக்குள் இறங்கிவிடும். ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். நம்மவர்களிடையேயும் அந்தக் குறைபாடு இருக்கிறது. எலி விஷமும் வேண்டாம். தின்ற எலி சுவருக்குள் போய்ச் சாகும், வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் பாதிக்கப்படும். வேர்க்கடலை வெண்ணெய் வைத்த சாதாரண எலிப்பொறியைச் சுவரோரமாக, தீனி வைத்த பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எச்சம் கிடந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளை வயிறுள்ள டியர் மவுஸ் என்ற எலியின் சிறுநீரிலும் எச்சத்திலும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைத் தாக்கும் ஹன்டா வைரஸ் இருக்கலாம். 2012-ல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கிய 10 பேருக்கு இந்த நோய் வந்து, 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியிருந்தது இரட்டைச் சுவர் உள்ள கூடாரக் குடில்களில். அந்தச் சுவர்களின் இடையே எலிகள் கூடு கட்டியிருந்தன. டிரெய்லரின் சுவரும் அதே மாதிரிதான். கனடாவில் இந்த நோய் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த எலி இங்கேயும் உண்டு.

கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். பெருக்குவதும் வேக்குவம் செய்வதும் கூடாது, தூசி காற்றில் எழும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சமும் கூடும் நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு காகிதத் துண்டால் துடைத்து எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தரையையும் அதே கரைசலால் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இது முடியும்வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

குளவி, சிலந்தி, வாயு வென்ட்கள்

மண்கூடு கட்டும் குளவிக்கு ஒரு விரல் அளவுக் குழாய் போதும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் 301 விமானம் விழுந்து 189 பேர் இறந்தார்கள். மூடி போடாமல் நின்ற அந்த விமானத்தின் வேகமானிக் குழாயை இப்படி ஒரு குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. டிரெய்லரில் அந்தக் குழாய்க்கு ஈடானது ஃபர்னஸின் புகைப்போக்கி. அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும்.

ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் வென்ட்களுக்கென்று கம்பி வலைகள் விற்கிறார்கள். ஃப்ரிட்ஜ் வென்ட்டுக்குப் போடலாம். ஃபர்னஸுக்குப் போடும் முன் கைநூலைப் படியுங்கள். காற்றோட்டம் குறையும் என்பதால் வலையை அனுமதிக்காத ஃபர்னஸ்கள் உண்டு. அப்படியென்றால் நிறுத்தி வைக்கும் மாதங்களில் மட்டும் கழற்றக்கூடிய மூடி போடுங்கள். வசந்தத்தில் முதல்முறை பற்றவைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்து, பர்னர் குழாயில் சிலந்தி வலை இருந்தால் சிலிண்டரை மூடிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியும் அன்றே பார்க்க வேண்டியது.

எறும்பும் மற்றவையும்

எறும்பு, டிரெய்லரைத் தாங்கும் ஜாக் கால், தண்ணீர்க் குழாய், மின்கேபிள் வழியாகத்தான் ஏறும். அந்த மூன்றையும் முகாமில் தினமும் ஒரு பார்வை பாருங்கள். பெரிய கறுப்புக் கார்ப்பென்டர் எறும்புகள் உள்ளே நடமாடினால் மட்டும் மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவற்றுக்கு ஈர மரம்தான் பிடிக்கும். ஈர மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போங்கள், கசிவையே காட்டிக்கொடுக்கலாம்.

இலையுதிர் காலத்தில் ஆசியப் பொறிவண்டுகள் கூட்டமாக ஸ்லைடு-அவுட் சீலுக்குள் ஒதுங்கும். நசுக்கினால் கறை பிடிக்கும், வேக்குவம் போதும்.

நாமும் பூச்சிகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறோம். ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி ஜூலை, ஆகஸ்டில் டிரெய்லரின் அடியிலும் சக்கர வளைவிலும்கூட முட்டையிடும். பழுப்பு நிறத்தில் பஞ்சு போல இருக்கும், ஒரு திரளில் ஆயிரம் முட்டைகள் வரை. கிளம்பும் முன் சுரண்டி சோப்புத் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். விறகை எந்த ஊரில் எரிக்கிறீர்களோ அங்கேயே வாங்குங்கள். 2002-ல் டெட்ராய்ட், விண்ட்சர் பகுதியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு வண்டு விறகோடு பயணம் செய்தே தூர ஊர்களின் ஆஷ் மரங்களை அடைந்தது.

அக்டோபரில் பூட்டும் நாள்

முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள், கூரையில் நீர் தேங்காது. குழாய்களை வடித்து, கழிவுக்குழாய் வளைவுகளில் டிரெய்லருக்கான இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாத திரவத்தை) ஊற்றுங்கள். மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அலமாரிக் கதவுகளையும் ஃப்ரிட்ஜ் கதவையும் திறந்து வையுங்கள். மழைக்கவசம் போட்ட வென்ட்டை ஒரு விரல் அளவு திறந்தே விடுங்கள்.

நீல டார்ப்பால் மூடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு குளிர்காலக் காற்றில் அது படபடத்துக் கூரை மூலையில் ரப்பரைத் தேய்த்தே எடுத்துவிட்டது. மூட வேண்டுமென்றால் காற்றுப் போகும் துணியுறை வாங்கி, கூர்மையான மூலைகளுக்குப் பழைய டவல் சுற்றுங்கள். பனியைக் கணக்கில் வையுங்கள். இறுகிய ஈரப்பனி ஒரு கன மீட்டர் 300 கிலோகூட இருக்கலாம். 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலமுள்ள கூரையில் 30 செ.மீ. நின்றால் கிட்டத்தட்ட 1,300 கிலோ. ஸ்பாஞ்ச் முனையுள்ள தள்ளுகோலால் மேல்பகுதியை மட்டும் தள்ளி, கடைசி இரண்டு அங்குலத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சீட்டு. குளிர்காலத்துக்காக எந்தெந்த வென்ட்டை மூடினேன், எந்தத் துவாரத்தில் அடைப்பான் வைத்தேன், எத்தனை பொறி எங்கே இருக்கிறது என்று எழுதி ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் மேல் ஒட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். ஏப்ரலில் அந்தச் சீட்டைப் படித்து, ஐந்து மூடிகளும் கைக்கு வந்துவிட்டதா என்று மேசை மேல் வைத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் புரொப்பேனைத் திறப்பேன்.